சிபேப் ஒத்துவரவில்லை: தாடையை முன்னே நகர்த்தும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

நெடுவழி

வணக்கம் நண்பர்களே. வயது 38, ஆண். போன வருடம் எடுத்த ஸ்லீப் ஸ்டடியில் ஏ.எச்.ஐ. 44 என்று வந்தது. அதாவது தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 44 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. 30-ஐத் தொட்டாலே தூக்க மூச்சடைப்பு நோயில் தீவிர வகை என்கிறார்கள். ஆள் ஒல்லிதான், எடையைக் குறைத்துப் பார்க்கலாம் என்பதற்கும் வழியில்லை. கீழ்த்தாடை மட்டும் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும்.

சிபேப் கொடுத்தார்கள், மாஸ்க் வழியாக அழுத்தக் காற்றை விட்டு மூச்சுப்பாதை மூடாமல் வைக்கும் மெஷின். மாஸ்க் முகத்தில் இருக்கும் நேரத்தில் எண் 4-க்கு இறங்கிவிடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு என்னால் தூங்க முடியவில்லை. நள்ளிரவுக்கு மேல் என்னை அறியாமலேயே கழற்றிவிடுகிறேன். காலையில் பார்த்தால் மெஷின் இரண்டு, மூன்று மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. பகலில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுகிறது. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது டாக்டர் எம்.எம்.ஏ. பற்றிப் பேசினார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் வெட்டி முன்னால் நகர்த்துவதாம். கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. செய்துகொண்டவர்கள், செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருவருமே சொல்லுங்கள். நல்லது கெட்டது எதையும் மறைக்க வேண்டாம்.

---

தும்பி

எனக்கும் இதே கேள்விதான். தொடர்கிறேன்.

---

இளவேனில்

நான் செய்துகொண்டவள். நாலு வருடம் ஆகிறது. என் எண் 52-லிருந்து 6-க்கு வந்தது. இப்போது மெஷின் இல்லை. இரவில் தொண்டை காய்ந்து நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருவது அடியோடு நின்றுவிட்டது. காலைத் தலைவலியும் போயிற்று.

கெட்டதையும் சொல்ல வேண்டும் என்றீர்கள் அல்லவா? என் கீழுதட்டின் இடது பாதியும் அதற்குக் கீழே தாடையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடமும் இன்றுவரை முழுசாக உணர்ச்சிக்கு வரவில்லை. தொட்டால் தெரியும், ஆனால் மேலே ஒரு துணி போட்டுத் தொடுவதைப் போலத்தான் தெரியும். தண்ணீர் குடித்த பிறகு ஒரு சொட்டு அங்கே நின்றால் எனக்குத் தெரியாது. கையால் துடைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. சூடாக எதையாவது குடிக்கும்போது முதல் வாயை வலது பக்கமாகத்தான் வைப்பேன்.

இதை முன்கூட்டியே என் சர்ஜன் சொன்னார். சொன்னதால்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. திரும்ப முடிவெடுக்கச் சொன்னால் இன்றும் செய்துகொள்வேன்.

---

கல்மேடு

எதிர்ப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் அண்ணன் செய்துகொண்டார். 61 இருந்தது, ஆறு மாதம் கழித்து 17. மருத்துவமனையில் 'வெற்றி' என்றார்கள். ஆனால் 17 என்றால் அது இன்னும் நடுத்தர வகை மூச்சடைப்பு. மறுபடி சிபேப்தான் போட்டுக்கொள்கிறார். முகம் வீங்கி, வாரக்கணக்கில் திரவ உணவில் கிடந்து, கடைசியில் அதே மெஷின். இதை எப்படி வெற்றி என்று சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், கோபமாகக் கேட்கவில்லை.

---

வெண்கோடு

தாடை அறுவைப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். உங்கள் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பார்த்தவர் சொல்வதற்கு இது ஈடாகாது.

கல்மேடு சகோ, உங்கள் கேள்வி மிக முக்கியமானது, அதற்கே முதலில் வருகிறேன். இந்தத் துறையில் 'அறுவை வெற்றி' என்பதற்கு ஒரு வழக்கமான வரையறை இருக்கிறது: ஏ.எச்.ஐ. பாதிக்குப் பாதியாவது குறைய வேண்டும், அதோடு 20-க்குக் கீழே வர வேண்டும். 61-இல் இருந்தவர் 17-க்கு வந்தால் கணக்குப்படி வெற்றி. 'குணம்' என்பது வேறு. அதற்கு 5-க்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் ஆபரேஷன் மேசைக்குப் போகிறார்கள்.

எண்களைப் பாருங்கள். 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 627 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி ஏ.எச்.ஐ. 63.9-லிருந்து 9.5-க்கு வந்தது. வெற்றி 86 சதவீதம், குணம் 43.2 சதவீதம். 2016-இல் 45 ஆய்வுகளிலிருந்து 518 பேரின் தனித்தனி விவரங்களை எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் வெற்றி 85.5, குணம் 38.5. ஆக, நூறு பேரில் 85 பேருக்கு மேல் நிலைமை வெகுவாக மாறுகிறது. நாற்பது பேர் அளவில்தான் நோயிலிருந்தே முழுசாக வெளியே வருகிறார்கள். மிச்சமிருக்கும் சிலருக்குக் குறைந்த அழுத்தத்தில் சிபேப், அல்லது வாயில் மாட்டும் கருவி தேவைப்படலாம். "85 சதவீதம் வெற்றி" என்று யாராவது சொன்னால், "டாக்டர், எந்த வெற்றி?" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. ஆரம்ப எண் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய இறக்கம் கிடைக்கும். ஆனால் 5-க்குக் கீழே போவது, குறைந்த எண்ணில் ஆரம்பித்தவர்களுக்குத்தான் எளிது. வயது குறைவு, எடை குறைவு, மேல்தாடையை அதிகம் முன்னே கொண்டுவர முடிவது ஆகியவையும் நல்ல பலனோடு சேர்ந்தே வருகின்றன.

---

கல்மேடு

நன்றி. இதை யாராவது முன்னாலேயே இப்படிச் சொல்லியிருந்தால் அண்ணன் இவ்வளவு மனமுடைந்திருக்க மாட்டார். 17 அவருக்குத் தோல்வியாகத்தான் தெரிந்தது. அழுத்தம் முன்பு 14-இல் வைத்திருந்தார்கள், இப்போது 8 போதுமாம். மாஸ்க் கசியாமல் நிற்கிறது என்பதை அவரே சொல்லியிருக்கிறார், நான்தான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

---

நெடுவழி

வெண்கோடு அவர்களே, எலும்பில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? இணையத்தில் படம் பார்த்துப் பாதியில் மூடிவிட்டேன்.

---

வெண்கோடு

சொல்கிறேன். வெட்டு எல்லாம் வாய்க்குள்ளேதான், வெளியே பொதுவாகத் தழும்பு இருக்காது. சில சமயம் திருகாணி போடுவதற்காகக் கன்னத்தில் மிகச் சிறிய துளை போடுவதுண்டு.

மேல்தாடையில் பல் வேர்களுக்கு மேலே குறுக்காக வெட்டி, பல்வரிசையும் அண்ணமும் ஒரே துண்டாக அசையும்படி விடுவிப்பார்கள். லெ ஃபோர்ட் ஒன்று என்று பெயர். ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1901-இல் முகத்தில் அடிபட்டால் எலும்பு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்று ஆராய்ந்து எழுதினார். அதில் முதல் கோடு இது. கீழ்த்தாடையில் வேலை இன்னும் நுட்பமானது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எலும்பைக் குறுக்கே துண்டிப்பதில்லை, உள்தகடு வெளித்தகடு என்று நீளவாக்கில் பிளக்கிறார்கள். பல்லைத் தாங்கும் பகுதி முன்னே வழுக்கி வரும். மூட்டோடு சேர்ந்த பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் எலும்பு சேருவதற்குப் போதிய பரப்பு கிடைக்கிறது. நகர்த்துவது சுமார் 10 மில்லிமீட்டர். பிறகு டைட்டானியம் தகடுகளும் திருகாணிகளும் வைத்து முடுக்குவார்கள். அவை பெரும்பாலும் உள்ளேயே இருந்துவிடும்.

உதட்டு உணர்ச்சி ஏன் போகிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. பிளவு அந்தக் குழாயை ஒட்டியே போகிறது. நரம்பை வெட்டுவதில்லை, ஆனால் அது இழுபடும், நசுங்கும், சில சமயம் வெளியே தெரியும். அதனால் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மரத்துப்போகும். மாதங்களில் மெல்லத் திரும்பும். ஒரு பகுதியினருக்கு இளவேனில் அக்காவைப் போல ஏதாவது ஒரு மிச்சம் நிரந்தரமாக நின்றுவிடும். வயது ஏற ஏற மீள்வது மெதுவாகும். ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: இது உணர்ச்சி நரம்பு. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு வழியில் வருகிறது. அதனால் உதடு மரத்திருந்தாலும் பேச்சும் சிரிப்பும் வழக்கம்போல அசையும்.

மூச்சுக்கு இதனால் எப்படி நன்மை? மென் அண்ணம் மேல்தாடையோடு பிணைந்தது. நாக்கின் பெரிய தசை முகவாய் எலும்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. தொண்டையின் பக்கச் சுவர்த் தசைகளும் இந்த எலும்புகளோடு தொடர்புள்ளவை. கூடாரத்தின் முளைகளைத் தள்ளி அடித்தால் தொய்ந்த துணி எல்லாப் பக்கமும் விறைப்பாவதைப் போல, எலும்பு முன்னே போனதும் அண்ணம், நாக்கு, பக்கச் சுவர் மூன்றும் ஒருசேர இறுகுகின்றன. பாதை அகலமாவது ஒரு பங்குதான். சுவர் எளிதில் மடங்காமல் போவது இன்னொரு பங்கு.

---

தும்பி

உள்நாக்கையும் அண்ணத்தின் ஓரத்தையும் வெட்டி எடுக்கும் ஆபரேஷன் இதைவிடச் சின்னது இல்லையா? என் உறவினருக்கு அதைத்தான் செய்தார்கள்.

---

வெண்கோடு

சின்னதுதான், ஆனால் பலன் ஆளுக்கு ஆள் மாறும். 1981-இல் ஃபுஜிதா அதை மூச்சடைப்புக்குச் சிகிச்சையாக அறிமுகப்படுத்தினார். அதே 1981-இல்தான் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் சிபேப்பை வெளியிட்டார். அதற்கு முன்பு தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சுவிடச் செய்வதைத் தவிரப் பெரிதாக எதுவும் கையில் இல்லை. உள்நாக்கு ஆபரேஷன் அண்ணத்தின் மட்டத்தில் மட்டும் வேலை செய்கிறது. அடைப்பு நாக்கின் அடியிலும் இருந்தால் அது மட்டும் போதாது. அதனால் ஸ்டான்ஃபோர்டில் ரைலி, பவல் குழுவினர் 1980-களிலிருந்து படிப்படியான முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் மென்திசுக்களில் செய்வது, போதாவிட்டால் அடுத்த கட்டமாகத் தாடை. இப்போது எலும்பு அமைப்பே காரணம் என்று தெளிவாகத் தெரியும் ஆட்களுக்கு நேரடியாகத் தாடைக்கே போகும் வழக்கமும் இருக்கிறது.

உறவினருக்கு ஏற்கெனவே அண்ணத்தில் வெட்டியிருக்கிறது என்றால், பிற்காலத்தில் தாடை ஆபரேஷன் பேச்சு வந்தால் அதை மறக்காமல் சர்ஜனிடம் சொல்லச் சொல்லுங்கள். குட்டையான அண்ணத்தை இன்னும் முன்னே இழுத்தால் மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறுவது, பேச்சு மூக்கொலியாவது போன்ற தொல்லை வரலாம்.

---

மழைக்காலம்

என் வீட்டுக்காரர் செய்துகொண்டார். மருத்துவ விவரம் எனக்குத் தெரியாது. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

முதல் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள்தான் வீக்கம் உச்சம். கண்ணுக்குக் கீழேயிருந்து கழுத்துவரை ஒரே உருண்டையாக இருந்தது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்ததால் பயப்படவில்லை. வாயை முழுசாகக் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை, பல்லில் சிறு கொக்கிகள் வைத்து ரப்பர் வளையம் மாட்டியிருந்தார்கள். அதை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று நர்ஸ் காட்டிக்கொடுத்தார். நீங்கள் கூட இருப்பவராக இருந்தால், அவர் வீட்டுக்கு வருவதற்கு முன் அதை உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். இரவில் வாந்தி வந்தால் என்ன செய்வது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு எல்லாம் திரவம், ஊசியில்லாத சிரிஞ்சின் நுனியில் ஒரு மெல்லிய குழாய் மாட்டி கன்னத்தின் ஓரமாக விடுவது. உதட்டுக்கு உணர்ச்சி இல்லாததால் சூட்டை அவரால் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். எடை நிறைய இறங்கியது. தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்தபடியே தூங்க வைத்தோம். மூக்கைச் சிந்தக் கூடாது என்று பல வாரம் தடை. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொன்னார்கள்.

வலியைவிட அவரைச் சோர்வடைய வைத்தது வேறு. இரண்டாவது வாரத்தில் திடீரென்று மனசு விட்டுப்போய், "எதுக்குடா செஞ்சோம்" என்று எழுதிக் காட்டினார். பேச முடியவில்லை, சாப்பிட முடியவில்லை, கண்ணாடியில் பார்ப்பது வேறு யாரோ. அந்த வாரத்துக்குத் தயாராக இருங்கள். யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் மெத்தென்ற உணவு ஆரம்பித்தோம், அப்போதுதான் முகத்தில் களை வந்தது.

---

இளவேனில்

மழைக்காலம் அக்கா சொன்ன அந்த இரண்டாவது வாரம் முழுக்க முழுக்க உண்மை. நான் தனியாக இருந்தேன். யாரையாவது வரச் சொல்லியிருக்க வேண்டும்.

உணர்ச்சி திரும்பும்போது உதட்டில் சுருக் சுருக்கென்று மின்சாரம் மாதிரி அடிக்கும். பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி என்று என் சர்ஜன் சொன்னார்.

---

தும்பி

வேறொரு சந்தேகம். சிறு வயதில் கிளிப் போடுவதற்காக என் பல் நான்கைப் பிடுங்கினார்கள். அதனால்தான் வாய் சிறுத்து மூச்சடைப்பு வந்தது என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா? அப்படியானால் ஆபரேஷன்தான் ஒரே வழியா?

---

வெண்கோடு

அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 2015-இல் 5,500-க்கும் மேற்பட்டவர்களின் பல் மருத்துவப் பதிவுகளை வைத்து, முன்கடைவாய்ப் பற்கள் இல்லாதவர்களையும் இருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். மூச்சடைப்பு நோய் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. பல்லை எடுத்தவர் மேல் பழி போடுவதில் காலத்தைச் செலவிடாதீர்கள். இப்போது உங்கள் மூச்சு எங்கே அடைக்கிறது என்று பார்ப்பதுதான் தேவை.

நெடுவழி, இது உங்களுக்கும். தாடைக்குப் போவதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, சிபேப் ஏன் நிற்கவில்லை என்று தோண்டிப் பார்ப்பது. மூக்கு அடைப்பா, மாஸ்க் அளவு தப்பா, வாய் வழியாகக் காற்று போகிறதா, அழுத்தம் அதிகமா, முகத்தை மூடினாலே பதற்றமா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. இரண்டு, தூக்கநிலை எண்டோஸ்கோபி. மருந்து கொடுத்து லேசாகத் தூங்க வைத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, அடைப்பு அண்ணத்திலா, நாக்கின் அடியிலா, பக்கச் சுவரிலா, குரல்வளை மூடியிலா என்று நேரிலேயே பார்ப்பது. கூடவே அந்த ஸ்லீப் ஸ்டடி அறிக்கையை எடுத்து, நின்ற மூச்சுகளில் எத்தனை அடைப்பு வகை, எத்தனை மூளையிலிருந்து வரும் கட்டளையே தவறும் வகை என்று பாருங்கள். பின்னதுக்குத் தாடை ஆபரேஷன் மருந்தல்ல.

---

நெடுவழி

கொஞ்சம் தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சொன்னபடியே போய்ப் பார்த்தேன்.

மூக்கின் நடுத்தட்டு வளைந்திருக்கிறது. ஈ.என்.டி. டாக்டர் ஸ்ப்ரே கொடுத்து, வேறு மாஸ்க்கும் மாற்றிக் கொடுத்தார். முன்னைவிட ஒரு மணி நேரம் கூடியது, அவ்வளவுதான். மறுபடியும் கை தானாகக் கழற்றிவிடுகிறது. எண்டோஸ்கோபியில் அண்ணம் வட்டமாக எல்லாப் பக்கமிருந்தும் சுருங்குகிறது, பக்கச் சுவர்களும் உள்ளே வந்து ஒட்டுகின்றன, நாக்கின் அடியும் பின்னால் விழுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அறிக்கையில் அத்தனையும் அடைப்பு வகைதான்.

நாக்கு நரம்பைத் தூண்டும் கருவி ஒன்று நெஞ்சில் பதிக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். அப்புறம் எடை குறைப்பு ஊசி பற்றியும் தம்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

---

வெண்கோடு

நரம்புத் தூண்டல் நல்ல சிகிச்சைதான். 2014-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடைத்தது. 126 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டில் ஏ.எச்.ஐ.-யின் இடைநிலை அளவு (மீடியன்) 29.3-லிருந்து 9-க்கு வந்தது. ஆனால் அந்த ஆய்விலேயே அண்ணம் வட்டமாகச் சுருங்கும் ஆட்களைச் சேர்க்கவில்லை, அவர்களிடம் அது சரியாக எடுபடுவதில்லை என்பதால். உங்கள் அறிக்கையில் இருப்பது அதே வகை. தாடையை நகர்த்தும் முறைக்கு அந்தத் தடை இல்லை. சொல்லப்போனால் பக்கச் சுவர்கள் உள்ளே விழுவதைத் தடுப்பதில்தான் அதன் பலம்.

ஊசி விஷயம்: 2024 டிசம்பரில் டிர்ஸெபடைட் என்ற மருந்துக்கு எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்தது உண்மை. அது உடல் பருமனோடு நடுத்தர, தீவிர மூச்சடைப்பு உள்ள பெரியவர்களுக்கு. ஒல்லியான உங்களுக்கு அதில் வேலை இல்லை. தம்பியிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

வாயில் மாட்டி இரவில் கீழ்த்தாடையை முன்னே பிடித்துவைக்கும் கருவியை முயன்றீர்களா? தீவிர வகையில் அது தனியாகப் போதாமல் போகலாம். ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கத்திக்குப் போவேன். அதைப் போட்டு எண் இறங்கினால், தாடை முன்னே வந்தால் பாதை திறக்கிறது என்பதற்கு ஒரு தடயமாகவும் இருக்கும்.

---

நெடுவழி

அது போட்டுப் பார்த்தாயிற்று. 44 என்பது 26 ஆனது. காலையில் பல்லும் தாடை மூட்டும் வலித்தாலும் விடாமல் போட்டேன். அதற்கு மேல் இறங்கவில்லை.

முகம் எப்படி மாறும் என்பது மனசை அரிக்கிறது. என் மேல்வரிசைப் பல் ஏற்கெனவே கொஞ்சம் முன்தள்ளித்தான் இருக்கும்.

---

இளவேனில்

என் மூக்கு அடியில் கொஞ்சம் அகன்றது, நுனி சற்றே மேலே தூக்கியது. அம்மா உடனே கண்டுபிடித்தார், அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. மேலுதடு நிறைவாகத் தெரிகிறது. முகவாய் முன்னே வந்ததால் கழுத்துக் கோடு எடுப்பானது. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது என் முகம். உங்களுக்கு எப்படி அமையும் என்று என்னால் சொல்ல முடியாது.

---

வெண்கோடு

பல்வரிசை ஏற்கெனவே முன்தள்ளிய முகத்தில் இரண்டு தாடையையும் அப்படியே 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தால் வாய்ப்பகுதி மட்டும் துருத்தித் தெரியும். அதற்காகப் பல சர்ஜன்கள் தாடைகளைச் சுழற்றி வைப்பார்கள்: மேல்தாடை கொஞ்சமாக நகரும், முகவாய் அதிகமாக முன்னே வரும். மூச்சுப்பாதைக்கும் அது நல்லது. சிலருக்குப் பல்லை எடுத்து இடம் உண்டாக்கிவிட்டு நகர்த்துவார்கள். ஸ்கேனை வைத்துக் கணினியில் முன்கூட்டியே திட்டமிட்டு, வெட்டும் அளவும் நகர்த்தும் அளவும் குறித்துக்கொண்டுதான் இப்போது பெரும்பாலும் செய்கிறார்கள். அந்தத் திட்டத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கணினிப் படத்தில் மென்திசு எப்படிப் படியும் என்பது தோராயம்தான், எலும்பு அளவு நம்பகமானது.

கிளிப்பையும் கணக்கில் வையுங்கள். பல்வரிசையைச் சீராக்க ஆபரேஷனுக்கு முன் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கடிமானம் ஏற்கெனவே நன்றாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனை முதலில் செய்துவிட்டுப் பிறகு கிளிப் போடும் வழியும் உண்டு. புதைந்த ஞானப்பல் இருந்தால் பல மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கீழ்த்தாடை பிளக்கும் இடத்தில் அது தொந்தரவு தரும். புகைப்பவரானால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எலும்பு சரியாகச் சேராமல் போகலாம்.

---

கல்மேடு

சர்ஜனிடம் கேட்கச் சொல்லி அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் போடுகிறேன். இதை மூச்சடைப்புக்காக எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் (முக அழகுக்காகச் செய்தது கணக்கில் வேண்டாம்)? அவர்களில் எத்தனை பேர் 5-க்குக் கீழே வந்தார்கள், பிறகு ஸ்லீப் ஸ்டடி எடுத்துப் பார்த்தீர்களா அல்லது குறட்டை நின்றதா என்று கேட்டதோடு சரியா? உதடு மரத்தே போனவர்கள் எத்தனை பேர்? கடிமானம் தப்பினால் திரும்பத் திறக்க வேண்டி வருமா? எண் 15-இல் நின்றுவிட்டால் அடுத்து என்ன திட்டம்?

கடைசிக் கேள்வியைத்தான் தான் கேட்கவே இல்லை என்று அவர் சொன்னார்.

---

நெடுவழி

அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்தத் தாளோடுதான் போனேன், ஒவ்வொன்றாகக் கேட்டேன். சர்ஜன் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். 5-க்குக் கீழே வரும் என்று உறுதி தர முடியாது, 10 அளவுக்கு வரும் என்று எதிர்பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் நின்றால் வாய்க் கருவியோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. கிளிப் போட ஆரம்பித்துவிட்டேன். ஆபரேஷன் அடுத்த வருடம்.

அதுவரை சிபேப்பை எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை நேரம் போடுகிறேன். ஒரு சின்னக் கேள்வி மிச்சம்: ஆபரேஷனுக்குப் போகும்போது மெஷினைக் கையோடு எடுத்துப் போக வேண்டுமா? வீக்கத்தில் மூச்சு அடைத்தால் போட்டுக்கொள்ளலாம் அல்லவா?

---

வெண்கோடு

எடுத்துப் போங்கள், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். புதிதாக வெட்டிய இடங்கள் வழியாக அழுத்தக் காற்று கன்னத்துத் திசுக்களுக்குள் புகுந்துவிடக் கூடும். மூக்கைச் சிந்தக் கூடாது என்று தடை போடுவதும் இதே காரணத்துக்குத்தான். முதல் இரவுகளில் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். திரும்பப் போடலாமா, எப்போது என்று சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் சொல்லட்டும். உங்களுக்கு மூச்சடைப்பு இருக்கிறது, எந்த அழுத்தத்தில் மெஷின் ஓடுகிறது என்ற விவரத்தை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். வலிக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில மூச்சை இன்னும் மந்தமாக்கும், அதைப் பார்த்துத்தான் அவர் அளவு வைப்பார்.

அப்புறம், ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய ஸ்லீப் ஸ்டடியைத் தள்ளிப்போடாதீர்கள். உடம்பு தேறிவிட்டது, பகலில் தூக்கம் வரவில்லை என்று பலர் அதை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

---

மழைக்காலம்

என் வீட்டுக்காரரும் அப்படித்தான் தள்ளிப்போட்டார், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். 8 வந்தது. நெடுவழி தம்பி, தேதி குறித்ததும் இங்கே எழுதுங்கள். கூட இருக்கப்போகிறவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.